மீட் ஐயரின் கடைசி இருபது ஆண்டுகள்

சென்ற ஆண்டு எங்கள் சபை நாளையொட்டி ஒரு நினைவு மலர் வெளியிடுவதென்று கமிட்டியில் முடிவானது. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதாலும், பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவன் என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டதாலும், நெய்யூர்ப் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துப் பேசப்படுகிற மீட் ஐயரைப் பற்றி மூன்று பக்கம் எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கட்டஞ்சாயாவைக் குடித்து முடிக்கும்வரை ஊர்க் காரியங்களைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து செருப்பைப் போடும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"சாரே, எழுதினதெல்லாம் சரிதான். கடைசியில உள்ள அந்தக் கல்யாணக் காரியத்தை மட்டும் போடண்டாம். சபை நாளு இல்லியா, சின்னப் பிள்ளையளும் வாசிக்கும்."

மலர் அச்சாகி வந்தபோது என் கட்டுரை 1848ஆம் ஆண்டோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே காலியாகிப்போன இடத்தில் ஒரு பந்தல் அலங்காரக் கடையின் விளம்பரம் இருந்தது. மீட் 1873 வரை உயிரோடு இருந்தவர். அந்த விளம்பரம் மூடிவிட்ட ஆண்டுகளுக்காகத்தான் இப்போது, யாரும் பக்கத்தை அளந்து கொடுக்காத இந்த இடத்தில், முழுவதையும் எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமாரை ஐயர் என்று சொல்வதுதான் வழக்கம். மீட் ஐயர், மால்ட் ஐயர் என்று பழைய ஆட்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, அவர்கள் பிராமணர்களாக இருந்து மதம் மாறியவர்களா என்று சென்னை நண்பர் ஒருவர் என்னிடம் மிகுந்த அக்கறையோடு விசாரித்ததுண்டு.

மீட் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. ஏனென்றால் அவருடைய முடிவு அந்தத் தொடக்கத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. தென்திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், சீர்திருத்தச் சபையைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் பலரும் வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரைத்தான் சொல்வார்கள். உண்மையில் அது மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவர் சமூகத்து மனிதரின் வேலை. இன்று கல்சிற்பத்துக்குப் பெயர் போன அந்த ஊரிலிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அவர் தம் உறவுக்காரப் பையனையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். போன இடத்தில் மனம் அமையாமல், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் இருந்த சொந்தக்காரர்களைப் பார்க்க இறங்கியவர், அங்கே கோலாஃப் என்ற பாதிரியாரிடம் வேதம் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். ஊருக்குத் திரும்பியபோது கையில் புத்தகங்கள் இருந்தன. தம் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் நடத்தினார். கூட்டம் பெருகியது, அதோடு தொல்லையும் பெருகியது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர்களுக்குப் பல பாதைகளில் நடக்கவே உரிமை இல்லாதிருந்த நாடு அது. இவர்கள் கூடிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருக்கவில்லை.

வேதமாணிக்கம் மீண்டும் தஞ்சாவூருக்கு நடந்துபோய் உதவி கேட்டதன் பலனாகத்தான் தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே இந்தப் பக்கம் வந்தார். இலண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய ஜெர்மானியரான அவர், 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, இன்று காற்றாலைகள் சுழல்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியெல்லாம் அடங்கிய பிறகு, 1809இல் மயிலாடியில் ஓர் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். சம்பளத்தைக் கிடைத்த கையோடு கொடுத்துவிடுவார், ஒழுங்கான மேலங்கிகூட அவரிடம் இருந்ததில்லை, குடிசையில் வசித்தார். மயிலாடி, பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், ஈத்தாமொழி, புத்தளம், ஆத்திக்காடு, கோவில்விளை என்று ஏழு ஊர்களில் சபைகளை நிறுத்திவிட்டு, 1816இல் உடல் தளர்ந்து புறப்பட்டார். கப்பலேறிய அவர் பிறகு என்ன ஆனார் என்பது இன்றுவரை புதிர்தான்.

போகும்போது பொறுப்பை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், வெள்ளைக்காரர் எவரும் இல்லாமல், ஏழு ஊர்ச் சபைகளையும் அவர்தான் கட்டிக்காத்தார். தென்திருவிதாங்கூர்ச் சபையின் முதல் தமிழ்த் தலைவர் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இருக்க முடியாது. அவர் எந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

சார்லஸ் மீட் 1792ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். இலண்டன் மிஷனரி சங்கத்துக்காக ஆட்களைத் தயார்செய்த காஸ்போர்ட் கல்விச்சாலையில் படித்து, 1816இல் குருப்பட்டம் பெற்று, ஆன் ஹன்ட் என்ற பெண்ணை மணந்து, அதே ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து திருவிதாங்கூருக்கு வர அவருக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. உடல்நலத்துக்காகப் பினாங்கு வரை போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் மனைவி இறந்துபோனார். 1818ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தாயில்லாத கைக்குழந்தையோடு குளச்சலில் கரையிறங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

குளச்சல் கடற்கரையில், 1741இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்ததற்காக நட்ட வெற்றித்தூண் நிற்கிறது. தை மாதத்தில் அங்கே போனால், தூணுக்கு அப்பால் வள்ளங்கள் வரிசையாக ஏறிக் கிடக்கும். கடலுக்குள் பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் தூரத்தில்தான் நிற்க முடியும். அங்கிருந்து படகில் ஏறி, அலை பார்த்து, நனைந்துதான் கரைக்கு வர வேண்டும். பால்குடி மறக்காத வயதுப் பிள்ளையோடு ஒரு வாலிபன், மொழி முழுதாகக் கைவராத ஊரில், அப்படித்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். எத்தனையோ முறை அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். எனக்குத் தூணைவிட அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வரும்.

மயிலாடியில் அவரை வரவேற்றவர் வேதமாணிக்கம். ஆனால் மீட் அங்கே நீண்டகாலம் தங்கவில்லை. அன்றைய ரெசிடென்ட், அதாவது திருவிதாங்கூரில் ஆங்கிலேயக் கும்பெனியின் பிரதிநிதி, கர்னல் மன்றோ, முன்பு திவானாகவும் இருந்தவர், மிஷனுக்கு மிகவும் அனுகூலமானவர். அவர் பரிந்துரையில், நாட்டை ஆண்டுகொண்டிருந்த ராணி கௌரி பார்வதி பாய் நாகர்கோவிலில் ஒரு பங்களாவையும், வயல் வாங்க ஐயாயிரம் ரூபாயையும் கொடுத்தார். அந்த வயல்களின் விளைச்சல் வருமானத்தில் நடந்ததுதான் மயிலாடியில் தொடங்கி நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்ட ஆங்கிலக் கல்விச்சாலை. அதன் வளர்ச்சிதான் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. ஓர் இந்து ராணி கொடுத்த நெல்வயலில் முளைத்த கல்லூரி என்பதை இருதரப்பாரும் வசதிக்கேற்ப மறந்துபோவது உண்டு. 1819ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில், மீட்டுக்குத் துணையாக வந்த ரிச்சர்ட் நில் ஹோம் சர்ச் என்று நாம் இன்று சொல்லும் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

இத்தோடு மன்றோ இன்னொன்றும் செய்தார்: மீட்டை நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாக நியமித்தார். சபை மலர்கள் பெருமையோடு குறிப்பிடும் இந்தச் செய்தியில் எனக்குப் பெருமைப்பட எதுவும் தெரியவில்லை. காலையில் வழக்குத் தீர்க்கிறவரும் மாலையில் வேதம் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்டு, தலைவரி முதல் எத்தனையோ வரிகளால் நசுக்கப்பட்டுக் கிடந்த ஜனங்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள்? ஓரிரு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மூவாயிரம் பேர், பெரும்பாலும் நாடார்கள், சபையில் சேர்ந்தார்கள். விசுவாசத்தால் வந்தவர்களும் உண்டு. அடி தாங்க முடியாமல் வந்தவர்களும் உண்டு. என் மூதாதையர் எந்த வகை என்று கேட்டால், இரண்டாவது வகை என்று சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அடிபடுகிறவன் நிழல் தேடுவதில் தப்பில்லை. ஆனால் நிழல் கொடுத்தவர் கையில் அரசாங்க முத்திரையும் இருந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மிஷனரி அரசுப் பதவி வகிப்பதை இலண்டனில் இருந்த சங்கத்தாரும் விரும்பவில்லை. ஓராண்டு அளவில் மீட் அந்தப் பதவியை விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய நல்ல வேலைகள் தொடங்கின என்பது என் கருத்து. 1819 இறுதியில் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். 1820இல் தரங்கம்பாடியிலிருந்து அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து நாகர்கோவிலில் நிறுவினார்கள். கோட்டயத்து மிஷன் அச்சகத்துக்கும் மூத்தது அது. பனையோலையில் எழுத்தாணியால் கீறிப் படித்துக்கொண்டிருந்த இடத்தில், கைக்கு அடக்கமான காகிதப் பிரதிகள் பனங்காட்டுக் குடிசை வரை போய்ச் சேர்ந்தன. எழுத்து என்பது சில வீடுகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அங்கேதான் முதலில் உடைந்தது. தஞ்சாவூரில் பணிபுரிந்த ஹார்ஸ்ட் பாதிரியாரின் மகள் ஜோஹன்னாவை மீட் மணந்துகொண்டார். மீட் அம்மையும் மால்ட் அம்மையும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிகள் நடத்தினார்கள்.

மார்த்தா மால்ட் 1821இல் தொடங்கிவைத்த லேஸ் பின்னலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டி லேஸ் போடுவாள். வைக்கோலோ மரத்தூளோ அடைத்து, குத்தினால் ஊசி வளையும் அளவுக்கு இறுக்கித் தைத்த உருண்டைத் தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொள்வாள், அதன்மேல் துளையிட்ட அட்டை மாதிரி, துளைக்கொரு குண்டூசி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் இரண்டிரண்டாகத் தொங்கும். இரு கையாலும் குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும்போது எழும் சலசலப்பு, தூரத்தில் யாரோ புளியங்கொட்டையைக் குலுக்குவதுபோல் இருக்கும். பேசிக்கொண்டே செய்வாள், கையைப் பார்க்கவே மாட்டாள். அரை நாளில் விரல் அகலம்தான் ஏறும். இந்த விரல் அகலங்களை விற்ற காசில், விடுதியில் இருந்த அடிமைப் பெண்பிள்ளைகள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவான செய்தி. திருவிதாங்கூரில் மனிதர்களை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலம் அது. மிஷனரிகள் 1847இல் மன்னரிடம் மனுக் கொடுத்தும், முழு விடுதலைக்கான பிரகடனம் 1855இல்தான் வந்தது.

1825ஐ ஒட்டி மீட் சிறிது காலம் கும்பகோணத்தில் இருந்தார். அதில் சொல்ல அதிகமில்லை. திரும்பி வந்தபோது மிஷன் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கிழக்குப் பகுதிக்கு நாகர்கோவிலைத் தலைமையிடமாக வைத்து மால்ட் பொறுப்பேற்றார். மேற்குப் பகுதி மீட்டுக்கு வந்தது. இதற்கிடையில், 1827இல், வேதமாணிக்கம் இறந்துவிட்டார்.

மேற்குப் பகுதியில் மீட் முதலில் தங்கியது மண்டைக்காட்டில். அங்கே வந்த நேரம் நல்ல நேரம் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடை அணியும் உரிமையையொட்டி எழுந்த தோள்சீலைக் கலகத்தின் இரண்டாம் கட்டம் மூண்டிருந்தது. இந்தப் போராட்டத்தைப் பற்றி மேடைகளில் பேசுகிறவர்கள் ஒரு முக்கியமான நுணுக்கத்தை விட்டுவிடுகிறார்கள். மன்றோவின் காலத்தில், 1814இல், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற தைத்த சட்டையை அணிந்துகொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. மிஷன் அம்மைமார் அதைத் தைக்கக் கற்றும் கொடுத்தார்கள். ஆனால் நம் பெண்கள் அதோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோல், குப்பாயத்துக்கு மேலே தோளில் ஒரு சீலையையும் போட்டார்கள். உடலை மூடுவதல்ல, சமமாக உடுத்துவதுதான் அவர்கள் கேட்டது. அடித்தவர்களுக்கும் அது நன்றாகவே புரிந்திருந்தது. சந்தையில் வைத்துக் கிழிக்கப்பட்டது பெரும்பாலும் அந்தத் தோள்சீலைதான்.

ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. உபதேசிமார் பொய் வழக்குகளில் மாட்டவைக்கப்பட்டார்கள். மீட்டையே தாக்கத் திட்டமிடப்பட்டு, உதயகிரிக் கோட்டையிலிருந்து படையாட்கள் காவலுக்கு வர வேண்டியதாயிற்று. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வெளியான அரசாணை, குப்பாயம் போடலாம், மேல்சாதியாரைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்று தீர்த்துவிட்டது. நாகர்கோவிலில் பங்களா கொடுத்த அதே ராணியின் ஆட்சியில்தான் இதுவும் வந்தது. மீட் நெய்யூரைத் தம் நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டார். திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் அன்று காடுமேடாகக் கிடந்த இடத்தில் வீடு, ஆலயம், பள்ளி, விடுதி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. அடுத்த கால் நூற்றாண்டு அவர் வாழ்க்கை அங்கேதான்.

இங்கிலாந்துக்குப் போயிருந்த மீட், 1838இல் திரும்பும்போது புதிய மிஷனரிகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்களில் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவரும் இருந்தார். நெய்யூர் மருத்துவமனையின் வரலாறு அந்த ஒருவரிலிருந்து தொடங்குகிறது. ராம்சே சில ஆண்டுகளே இருந்தார். ஆனாலும் இட்ட விதை பட்டுப்போகவில்லை. பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவில் இருந்த சாமர்வெல் டாக்டர், மலையை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்து கத்தி பிடித்தார். எங்கள் தலைமுறைக்கு மீட்டைவிட அவரைத்தான் அதிகம் தெரியும். அவர் அறுவை செய்த வயிற்றுத் தழும்பை மேல்முண்டை விலக்கிக் காட்டுகிற கிழவர்கள் என் சின்ன வயதில் இருந்தார்கள்.

ஜோஹன்னா அம்மை 1848இல் இறந்தார். மலரில் என் கட்டுரை நின்ற இடம் இது.

நடந்தது இதுதான். 1850களின் தொடக்கத்தில், அறுபதை ஒட்டிய வயதில், மீட் மூன்றாவது முறையாக மணம் செய்துகொண்டார். மணமகளின் பெயர் லோயிஸ் பிடல்ஃப். பெயரைக் கேட்டால் ஏதோ ஆங்கிலேயப் பிரபுவின் மகள் என்று தோன்றும். அப்படியல்ல. சபை உபதேசிமாருக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் ஆகும் செலவை இங்கிலாந்தில் இருந்த நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நன்றிக்காகவோ கணக்குக்காகவோ, கொடுத்தவருடைய பெயரையே பெற்றவருக்கு வைத்துவிடுவது அன்றைய வழக்கம். இன்றும் நம் மாவட்டத்தில் சில குடும்பங்களின் பழைய பெயர்களில் பிரிட்டிஷ் வணிகர்களும் பாதிரிமாரும் ஒளிந்திருப்பது இப்படித்தான். லோயிஸ் மிஷனில் பணிபுரிந்த ஒரு தமிழரின் மகள். அன்றைய ஆவணங்கள் பறையர் என்று எழுதுகிற சமூகத்தில், அதாவது மயிலாடி மகாராசன் பிறந்த அதே சமூகத்தில், பிறந்தவர்.

மிஷன் கொதித்துப்போயிற்று. சக மிஷனரிகள் எதிர்த்தார்கள். சபைகளிலும் சலசலப்பு எழுந்தது. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண வேண்டும், ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகப் போதித்துவந்த மேசையைச் சுற்றி, இந்த ஒரு கல்யாணம் எழுப்பிய கேள்விக்கு ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. மீட் இலண்டன் மிஷனரி சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் நீர் ஊற்றி வளர்த்த தோப்பிலிருந்து அவர் வெளியேறினார்.

அறுபது வயது மனிதர் தம் மிஷனில் வேலை பார்த்தவரின் மகளை மணப்பதில் குற்றம் காண இடமிருக்கிறது. அதிகாரம் யார் பக்கம் இருந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்டால் நான் அதை மறுக்க மாட்டேன். மலருக்கு எழுதிய கட்டுரையிலும் அதைச் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் இதே வயதில் அவர் இங்கிலாந்திலிருந்து ஓர் இளம்பெண்ணை மணந்து அழைத்துவந்திருந்தால், சபையார் குருத்தோலைத் தோரணம் கட்டி, குரவை இட்டு வரவேற்றிருப்பார்கள். அப்படி வயது வித்தியாசத்தோடு மணந்துகொண்ட மிஷனரிகள் ஆங்காங்கே இருந்தார்கள். யாரும் அவர்களைச் சங்கத்தை விட்டு அனுப்பவில்லை. இங்கே உறுத்தியது வயதல்ல. அழைக்க ஆள் போனால்தான் வருவேன் என்று காத்திராமல், தஞ்சாவூர் வரை இருமுறை நடந்து போய் இந்தச் சபையையே கொண்டுவந்தவர் பிறந்த சாதி, ஐம்பது ஆண்டுகூட ஆகுமுன் மிஷன் வீட்டின் நடுக்கூடத்தில் மனைவியாக நுழைந்தபோது, அது தாங்க முடியாததாக இருந்தது. வேதமாணிக்கத்தின் பெயரை ஆலயத்துக்கு வைக்க முடிந்த நமக்கு, லோயிஸின் பெயரை மலரில் ஒரு வரியில் வைக்க முடியவில்லை என்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

செயலாளரை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. அவர் நல்லவர், ஊரில் சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பவர். அவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது ஜாதகம் பார்க்கவில்லை, ஆனால் மற்றதெல்லாம் பார்த்தார். நானும் என் மகனுக்குப் பெண் தேடிய காலத்தில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முன்வரமாட்டேன்.

சபை கைவிட்ட மனிதரைத் திருவிதாங்கூர் அரசு எடுத்துக்கொண்டது. மீட் குடும்பத்தோடு திருவனந்தபுரத்துக்குப் போனார். 1855 வாக்கில் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அரசு அச்சகத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் எவை இரண்டைத் தொடங்கினாரோ, அந்த இரண்டையும், பள்ளிக்கூடத்தையும் அச்சுப்பொறியையும், இப்போது நாட்டுக்காகச் செய்யும்படி ஆயிற்று. வாலிபத்தில் அவர் ஏற்ற அரசுப் பதவியை நான் மேலே குறை சொன்னேன். முதுமையில் ஏற்ற இதைப்பற்றி அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. இந்தப் பதவியால் யாரும் கோயிலுக்கு வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பாடம் படிக்க வந்தால் போதுமானதாக இருந்தது.

அவர் திருவனந்தபுரத்தில் இருந்த காலத்தில்தான் தென்திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் மூன்றாம் முறை மூண்டது. 1858 இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை ஊர்கள் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கியதன் பேரில், 1859 ஜூலை 26ஆம் தேதி, உத்திரம் திருநாள் மன்னர் நாடார் பெண்கள் எல்லாரும், கிறிஸ்தவர் இந்து என்ற வேறுபாடின்றி, மேலுடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற ஒரு வால் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டைக்காட்டில் படைக்காவலோடு இரவைக் கழித்த மனிதர், மன்னரின் அச்சகம் தம் பொறுப்பில் இருந்த ஆண்டுகளிலேயே அந்தப் போராட்டத்தின் முடிவையும் பார்த்தார்.

1873ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி மீட் திருவனந்தபுரத்தில் காலமானார். எண்பது வயது முடிந்திருந்தது. குளச்சலில் கரையிறங்கி ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றில் முதல் முப்பத்தைந்து ஆண்டுகளை நாங்கள் கல்லிலும் காகிதத்திலும் வைத்திருக்கிறோம்.

மலரின் பிரதி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. சபை நாள் முடிந்த ஞாயிறன்று மாலை, அந்தப் பந்தல் அலங்காரக் கடை விளம்பரத்தின் ஓரத்தில் விரல் அகலம் வெள்ளையாகக் கிடந்த இடத்தில், பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு எழுதினேன்: "மனைவியர்: ஆன், ஜோஹன்னா, லோயிஸ்." அதற்கு மேல் இடம் இல்லை.